வெளிச்சம் ஏஐ, தொப்பை நம்மோடது: டேட்டிங் ஆப்புக்கு ஜிம் படம் செய்யும் வழி

மதுரையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண ஆல்பம், செல்லரித்த பழைய படத்தைப் புதுசாக்கித் தருவது, இதுதான் பிழைப்பு. கொஞ்ச நாளாக ஒரு புது வேலையும் சேர்ந்திருக்கிறது. பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த பையன் பணத்தைக் கொடுத்த பிறகும் கிளம்பாமல் நிற்பான். கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பான். பிறகு குரலைத் தணித்து, "அண்ணே, நான் ஜிம்ல நிக்கிற மாதிரி ஏஐல ஒண்ணு போட்டுத் தர முடியுமா? ஒரு ஆப்புல வைக்கணும்" என்பான். எந்த ஆப் என்று நான் கேட்பதில்லை.

முடியும். பத்து நிமிஷ வேலைதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷப் படங்களால் என்னென்ன ஆகிறது என்று பார்த்த பிறகு, கேட்டு வருகிறவர்களை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேச ஆரம்பித்துவிட்டேன். ஒவ்வொருவரிடமும் பேசி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஜிம் வாசலை மிதிக்காதவர் இதை இங்கேயே மூடிவிட்டு, ஒரு மாதம் போய்விட்டு வரட்டும். இது போகிறவர்களுக்கு. ஆறு மாதமாகப் போகிறார், உடம்பு கொஞ்சம் இறுகியிருக்கிறது, ஆனால் அங்கே எடுத்த படமெல்லாம் டியூப் லைட் வெளிச்சத்தில் பச்சையடித்துக் கிடக்கிறது. போதாததற்குப் பின்னால் யாரோ ஒருவர் துண்டால் அக்குளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கஷ்டத்துக்கு ஏஐ நல்ல மருந்து.

என் சித்தி மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். என்னிடம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, போனில் கிடைத்த ஏதோ ஒரு ஆப்பில் தானே படம் செய்துகொண்டான். ஒரே ஒரு செல்ஃபிதான் கொடுத்தானாம். வந்தது சிக்ஸ் பேக், அகன்ற தாடை, கையில் டம்பெல். அதையே முதல் படமாக வைத்தான். மேட்ச் வந்தது, அதாவது ஒரு பெண்ணுக்கும் இவனைப் பிடித்துப்போயிற்று, இரண்டு வாரம் பேசினார்கள், அண்ணா நகரில் ஒரு காபிக் கடையில் சந்திப்பதாக முடிவாயிற்று. அந்தப் பெண் உள்ளே வந்து மேஜை மேஜையாகப் பார்த்தாள். இவன் எழுந்து நின்று கையைத் தூக்கினான். அவள் போனை எடுத்து இவனுக்கே டயல் செய்தாள். "நாலடி தூரத்துல நிக்கிறேண்ணே. போனைக் காதுல வச்சுக்கிட்டு என் தோளுக்கு மேல பாத்துக்கிட்டு இருக்கா" என்று பிறகு சொன்னான். மரியாதையான பெண். உட்கார்ந்து காபியைக் குடித்தாள், தன் காபிக்குத் தானே பணம் கொடுத்தாள், போய்விட்டாள்.

நான் படம் செய்து கொடுக்கும் எல்லோருக்கும் வைக்கும் ஒரே கட்டுப்பாடு இங்கிருந்து வந்ததுதான். நாலடி தூரத்தில் நிற்கும்போது எதிரில் இருப்பவருக்கு உங்களை அடையாளம் தெரிய வேண்டும். வெளிச்சம், பின்னணி, சட்டையின் கசங்கல், கேமராவின் நடுக்கம், இதெல்லாம் ஏஐ தொடலாம். முகம், நிறம், முடி, உயரம், உடம்பு இவற்றில் கை வைக்கக் கூடாது.

ஆப்பின் விதியைப் படித்துவிடுங்கள்

பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதே இல்லை, பிறகு கணக்கு முடங்கிவிட்டது என்று வருகிறார்கள். பம்பிள் என்ற டேட்டிங் ஆப் 2024 ஜூலையில் தன் புகார்ப் பட்டியலில் புதிதாக ஒரு வரியைச் சேர்த்தது: ஏஐ செய்த படமோ வீடியோவோ வைத்திருக்கிறார் என்று. போலி ப்ரொஃபைல் என்ற தலைப்புக்குக் கீழே அது இருக்கிறது. அதாவது உங்கள் படத்தைப் பார்த்து ஒருவருக்குச் சந்தேகம் வந்தால், போனில் நாலு தட்டுத் தட்டி உங்களைப் போலிகளோடு சேர்த்துவிடலாம்.

டிண்டர் 2024-இல் ஒரு ஏஐ வசதி கொண்டுவந்தது. போனில் இருக்கும் படங்களிலிருந்து ப்ரொஃபைலுக்கு ஏற்றதைப் பொறுக்கிக் கொடுக்கும்; புதிதாக எதையும் வரையாது. அந்த நிறுவனம் எதுவரை போகத் தயாராக இருக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது. அதோடு ஃபேஸ் செக் என்ற சோதனையையும் சேர்த்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்கிறவர் ஒரு சின்ன வீடியோ செல்ஃபி எடுக்க வேண்டும். அந்த முகமும் ப்ரொஃபைல் படத்தில் இருக்கும் முகமும் ஒத்துப்போகிறதா என்று இயந்திரம் பார்க்கும். இந்தியாவிலும் இது வந்துவிட்டது. ஏஐ உங்கள் தாடையை அரை அங்குலம் அகட்டியிருந்தால் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

இப்படி மாட்டியவர்கள் இரண்டு பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். புதுக் கணக்கு தொடங்குவதோ, ஏஐ முகத்துக்கு ஏற்ற மாதிரி தாடி வளர்ப்பதோ வேலைக்கு ஆகாது (ஒருவர் நிஜமாகவே இரண்டாவதை யோசித்தார்). அந்தப் படத்தை எடுத்துவிட்டு, எதையும் தொடாத முகப்படம் ஒன்றை வைத்து மறுபடி சோதனைக்குக் கொடுங்கள்.

மூலப்படம்: பாதி வேலை இங்கேதான்

ஏஐக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதிலிருந்துதான் அது சமைக்கும். கொடுக்காததைத் தானே கற்பனை செய்துகொள்ளும். சித்தி மகன் கழுத்து வரை உள்ள செல்ஃபியைக் கொடுத்தான். கழுத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஜிம் என்று கேட்டதும் தான் ஆயிரக்கணக்கில் பார்த்து வைத்திருக்கும் விளம்பர மாடல்களின் உடம்பை ஒட்டிவிட்டது. அதனால் தலை முதல் கால் வரை தெரியும் படம் கட்டாயம் வேண்டும்.

செல்ஃபி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. கையை நீட்டி முகத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுக்கும்போது கேமராவுக்கு அருகில் இருக்கும் மூக்கு பெரிதாகும், காது பின்னால் போகும். 2018-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள்: 5 அடி தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும். அந்தப் பெருத்த மூக்கை ஏஐ உங்கள் மூக்கு என்றே எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற முகத்தை வரைந்துவிடும்.

ஆகவே கூட வருகிற நண்பரிடமோ ட்ரெய்னரிடமோ போனைக் கொடுங்கள். பின்பக்கக் கேமரா, 2எக்ஸ் ஜூம், ஏழெட்டு அடி தள்ளி நின்று, உங்கள் நெஞ்சு உயரத்தில் போனைப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். மத்தியான நேரம் நல்லது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஜிம்மில் கால் வைக்க இடம் இருக்காது. மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். பெண்கள் பயிற்சி செய்யும் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். ஏஐ பின்னால் அழித்துவிடும் என்பது சாக்கு ஆகாது; அழிப்பதற்கு முன்னால் அவர்கள் படம் உங்கள் போனிலும், நீங்கள் ஏற்றும் சர்வரிலும் இருக்கிறது.

எடுப்பதற்கு முன்னால் போனின் பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். பல போன்களில் அது வாங்கும்போதே ஓடிக்கொண்டுதான் இருக்கும். முகத்தை வழவழப்பாக்கி, நிறத்தை ஒரு படி ஏற்றிவிடும். அந்த ஏற்றிய நிறத்தை மூலமாக வைத்து ஏஐ இன்னும் ஒரு படி ஏற்றும். மாநிறத்துப் பையன் படத்தைக் கொடுத்தால் மும்பை விளம்பரத்துப் பையன் திரும்பி வருவது இப்படித்தான். இதைப் பற்றிக் கீழே இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எத்தனை படம் வேண்டும் என்பது கருவியைப் பொறுத்தது. ஒரே படத்தைத் திருத்தும் கருவிக்கு நல்ல படம் ஒன்றும், முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றோ இரண்டோ போதும். உங்கள் முகத்தைக் கற்றுக்கொண்டு புதுப் படம் வரையும் வகைக்குப் பத்து முதல் இருபது வரை கேட்பார்கள். எல்லாம் கடைசி ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். தாடியோடு பாதி, தாடி இல்லாமல் பாதி என்று கலந்து கொடுத்தால், மூன்று நாள் ஷேவ் பண்ணாத யாரோ ஒருவர் வந்து நிற்பார்.

எந்தக் கருவி

இரண்டே வகைதான். முதலாவது, பேசித் திருத்தும் வகை: ஜெமினி, சாட்ஜிபிடி போன்றவை. படத்தை ஏற்றி, இதை மாற்று, அதை விடு என்று எழுத வேண்டும், தமிழிலேயே எழுதலாம். 2025 ஆகஸ்டில் கூகுள் ஜெமினியில் இந்த வசதியை நானோ பனானா என்ற பெயரில் விட்டதும், அடுத்த மாதமே நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அதில் பழைய காலத்துப் புடவைப் படம் செய்து போட்டதும் நினைவிருக்கும். இரண்டாவது, முகத்தைக் கற்றுக்கொள்ளும் வகை. 2022 கடைசியில் லென்சா என்ற ஆப் பத்திருபது செல்ஃபி வாங்கிக்கொண்டு மந்திர அவதாரம் என்று கொடுத்ததே, அந்த ரகம். புகைப்படம் மாதிரியே ஜிம், கடற்கரை, கோட் சூட் என்று நூறு படம் தருகிறோம் என்று இன்று காசு வாங்கும் ஆப்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் வகை போதும். இரண்டாவது வகையில் உடம்பு முழுவதும் கற்பனை. நூறு படத்தில் உங்களைப் போல் இருப்பது நாலோ ஐந்தோதான் தேறும்.

பணம் கட்டுவதற்கு முன், ஏற்றிய படங்களை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், அழிக்கும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். முகம் பாஸ்வேர்ட் மாதிரி இல்லை. திருட்டுப் போனால் வேறு வைத்துக்கொள்ள முடியாது. சாட்ஜிபிடியில் டேட்டா கன்ட்ரோல்ஸ் என்ற இடத்துக்குப் போனால், உங்கள் உரையாடலை ஏஐயின் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதை நிறுத்தலாம். ஜெமினியிலும் ஆக்டிவிட்டியை அணைக்கும் வழி இருக்கிறது. இரண்டு நிமிஷ வேலை, செய்துவிட்டு ஏற்றுங்கள்.

வேறு ஒருவரின் உடம்பில் உங்கள் தலையையோ, உங்கள் உடம்பில் வேறு ஒருவரின் முகத்தையோ ஒட்டித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுகிறேன். வேறு ஒருவராகக் காட்டிக் கணினி வழியே ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66டி என்ற பிரிவே இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம்.

என்ன எழுதிக் கேட்பது

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "என்னை ஜிம்மில் ஸ்மார்ட்டாகக் காட்டு" என்று எழுதுவார்கள். ஸ்மார்ட், ஹேண்ட்சம், ஃபிட், அத்லெடிக், சினிமாட்டிக் என்ற சொற்களில் எதைப் போட்டாலும் புஜத்தில் ஒரு சுற்று கூடும், வயிற்றில் ஒரு சுற்று குறையும், தோலில் நிறம் ஏறும். என்ன வேண்டும் என்பதைவிட என்ன மாறக் கூடாது என்பதை முதலில் எழுதுங்கள். நான் வழக்கமாகக் கொடுப்பது இது:

"இந்தப் படத்தில் இருப்பவரின் முகம், தோல் நிறம், தாடி, மச்சம், முடி, உடல் பருமன், கை அளவு எதையும் மாற்ற வேண்டாம். நிற்கும் விதமும் உடையும் அப்படியே இருக்கட்டும். பின்னால் இருக்கும் ஆட்களை எடுத்துவிட்டு அதே ஜிம்மை ஆளில்லாமல் காட்டவும். டியூப் லைட்டின் பச்சைச் சாயலை நீக்கவும். இடது பக்கம் ஜன்னல் இருந்து சாயங்கால வெயில் விழுவதுபோல் வெளிச்சம் வேண்டும். தோலை வழவழப்பாக்க வேண்டாம்."

நிறத்தை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், சாயங்கால வெயில் என்று எழுதிய உடனே நிறத்தையும் ஏற்றிவிடும் பழக்கம் இந்தக் கருவிகளுக்கு இருக்கிறது. போன வருடம் ஒரு பையன் கொண்டுவந்த படத்தைப் பார்த்தேன். முகம் கோதுமை நிறம், கழுத்து அவனுடைய கறுப்பு, இரண்டுக்கும் நடுவில் வேலி போட்ட மாதிரி ஒரு கோடு. "சிவப்பா இருந்தா மேட்ச் வரும்லண்ணே" என்றான். நிறத்தைப் பார்த்து வருகிறவள் நிறத்தைப் பார்த்தே போவாள் என்று சொல்ல நினைத்தேன். அவனுக்கு அப்போது அது வேண்டியிருக்கவில்லை. கழுத்துக்குக் கீழே இருந்த நிறத்தை முகத்துக்கு ஏற்றிக் கொடுத்தேன். அசலான வெயில் மாநிறத்தில் விழுந்தால் கன்னத்து எலும்பில் ஒரு மினுமினுப்பு வரும். அதைவிட நல்ல படம் எந்த ஏஐயும் செய்துவிடாது.

ஒன்றை மறக்க வேண்டாம். வந்த படம் பிடிக்கவில்லை என்று அதன் மேலேயே மறுபடி திருத்தச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு திருத்தத்திலும் முகம் ஒரு மயிரிழை நகரும். முதல் தடவை வருவது நீங்கள். மூன்றாவது தடவை உங்கள் பெரியப்பா மகன். ஆறாவது தடவை பக்கத்து ஊர்க்காரர். ஒவ்வொரு முறையும் மூலப்படத்தைப் புதிதாக ஏற்றி, எழுதியதைத் திருத்தி, புது உரையாடலில் கேளுங்கள்.

அப்பா இந்தக் கடையை நடத்திய காலத்தில் நெகட்டிவ் மேல் பென்சிலால் தீட்டுவார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பெண்ணின் படம் என்றால் பென்சில் முனையை ஊசி மாதிரி சீவிக்கொண்டு உட்காருவார். அம்மைத் தழும்பை இரண்டு கோடு இலேசாக்குவார், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தைக் குறைப்பார். மூக்கைக் கொஞ்சம் எடுப்பாக்கச் சொல்லிப் பெண்ணின் மாமா வந்து நிற்பார். அப்பா முடியாது என்பார். "நாளைக்கு நேர்ல வந்து பாப்பாங்கய்யா" என்பதுதான் அவர் சொல்லும் காரணம். வேறு விளக்கம் கொடுத்து நான் கேட்டதில்லை.

டி.சி.யை எடுத்து வைத்துக்கொண்டு சரிபாருங்கள்

விளையாட்டாகச் சொல்லவில்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று இரண்டு வரி எழுதியிருப்பார்கள்: வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்கையில் ஒரு தழும்பு. அதை எடுத்து வைத்துக்கொண்டு வந்த படத்தைப் பாருங்கள். மச்சம் இருக்கிறதா? அதே பக்கத்தில் இருக்கிறதா? ஏஐக்கு மச்சம் என்றால் அழுக்கு. துடைத்துவிடும். சில நேரம் இல்லாத மச்சத்தை வைக்கும். புடவைப் படம் ஓடிய நாட்களில், தான் கொடுத்த படத்தில் தெரியாத மச்சம் வந்த படத்தில் இருக்கிறதே என்று ஒரு பெண் பயந்து சொன்னது பெரிய செய்தியானது.

அடுத்து மணிக்கட்டு. கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு, கறுப்புக் கயிறு, தாயத்து எல்லாம் காணாமல் போகும், அல்லது உருமாறும். திருச்செந்தூர்க் கயிறு ஸ்மார்ட் வாட்ச் ஆகியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பச்சை குத்தியிருந்தால் எழுத்தைக் கவனியுங்கள். அம்மா என்று குத்தியது எந்த மொழியிலும் இல்லாத எழுத்தாகி நிற்கும். பனியனில் இருக்கும் எழுத்துக்கும் இதே கதிதான்.

பிறகு இரும்பு. ஜிம்முக்குப் போகிறவர்கள் முகத்தைப் பார்க்கும் முன் எடை மாட்டித் தூக்கும் கம்பியை, அதாவது பாரைப் பார்ப்பார்கள். ஒரு பையனின் படத்தில் பாரின் ஒரு பக்கம் மூன்று சிவப்பு பிளேட் (வட்டமான எடைத் தட்டு), மறுபக்கம் இரண்டு. போட்டித் தரத்தில் சிவப்பு என்றால் 25 கிலோ, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10; பார் மட்டும் 20 கிலோ. ஆக 145 கிலோவை ஒரு பக்கம் சாய்ந்த பாரில் வைத்து, சிரித்துக்கொண்டே ஒற்றைக் கையில் பிடித்திருக்கிறான். அவன் போகும் ஜிம்மில் சிவப்பு பிளேட்டே கிடையாது, எல்லாம் கறுப்பு இரும்பு. டம்பெல் மேல் இருக்கும் எண் படிக்க முடியாமல் கிடக்கும். கேபிள் மெஷினின் கம்பி எங்கேயோ தொடங்கி நடுவானில் முடியும். விரல்களை எண்ணுங்கள், இப்போதெல்லாம் ஐந்து சரியாக வந்துவிடுகிறது, ஆனால் பாரைப் பிடித்திருக்கும் கட்டை விரல் இரும்புக்குள் புதைந்திருக்கும்.

ஜிம் என்றால் கண்ணாடி இருக்கும். கண்ணாடியில் தெரியும் உங்கள் முதுகு வேறு நிறப் பனியன் போட்டிருக்கலாம். கண்ணாடி இல்லாத மூலையில் நின்று மூலப்படத்தை எடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

எல்லாம் சரியாக இருந்தால் படத்தை வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். அக்காவோ தங்கையோ இருந்தால் நல்லது. "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், பாசத்தில் நல்லா இருக்கு என்பார்கள். எதுவும் சொல்லாமல் போனை நீட்டுங்கள். "எப்ப எடுத்தது?" என்று கேட்டால் படம் தேறிவிட்டது. "யாருடா இது?" என்று கேட்டால் அழித்துவிடுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை

என்னிடம் வந்த பெண்கள் மூன்று பேர்தான், ஆனால் மூன்று பேருக்கும் ஒரே தொந்தரவு. டி-ஷர்ட்டும் டிராக் பேண்ட்டும் போட்ட படத்தைக் கொடுத்தால் துணியைக் குறைத்து, இடையைச் சுருக்கித் திருப்பித் தருகிறது. லென்சா காலத்திலேயே இந்தப் புகார் உலகம் முழுக்க எழுந்தது. உடையின் பெயர், கையின் நீளம், கழுத்தின் அளவு எல்லாவற்றையும் எழுதி, இவை மாறக் கூடாது என்று சொல்லுங்கள். முன்பின் தெரியாத ஆப்களில் முழு உருவப் படத்தை ஏற்றவே வேண்டாம். உங்கள் முகத்தை வைத்து யாராவது தவறான படம் செய்திருப்பது தெரிந்தால் 1930 என்ற எண்ணுக்கோ, அரசின் சைபர் குற்றத் தளத்துக்கோ உடனே சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

எங்கே வைப்பது, என்ன எழுதுவது

ஹிஞ்சிலும் பம்பிளிலும் ஆறு படம் வரை வைக்கலாம், டிண்டரில் ஒன்பது. அதில் ஏஐ தொட்ட படம் ஒன்று போதும், அதுவும் மூன்றாவதோ நான்காவதோ. முதல் படம் நல்ல வெளிச்சத்தில் எடுத்த, எதையும் தொடாத முகம். மொட்டை மாடியில் காலை ஏழு மணிக்கு எடுத்தால் எந்த ஏஐயும் தேவைப்படாது. மற்றவை நண்பர்களோடு, பயணத்தில், சாப்பிடும்போது என்று இருக்கட்டும். ஆறும் ஜிம் படமாக வைத்தவரை எனக்குத் தெரியும். புரோட்டீன் பவுடர் விற்கிற ஆள் என்று நினைத்து, விலை கேட்டு ஒரு மெசேஜ் வந்ததாம்.

மறைக்க முடியும் என்று நினைக்காதீர்கள். ஜெமினி செய்த படத்தின் மூலையில் இருக்கும் சின்ன நட்சத்திரத்தை வெட்டிவிடலாம். ஆனால் சின்த்ஐடி என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரையைப் படத்துக்குள்ளேயே நெய்து வைக்கிறார்கள், வெட்டினாலும் அது இருக்கும். 2025 நவம்பரிலிருந்து யார் வேண்டுமானாலும் ஒரு படத்தை ஜெமினியில் ஏற்றி, இது கூகுள் ஏஐ செய்ததா என்று கேட்கலாம். உங்கள் படத்தை எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கேட்டுப் பார்க்க அரை நிமிஷம் போதும்.

நீங்களே சொல்லிவிட்டால் வேலை சுலபம். உங்களைப் பற்றி எழுதும் பயோவில் ஒரு வரி. சித்தி மகனுக்கு நான் எழுதிக் கொடுத்தது: "மூணாவது படத்துல வெளிச்சம் ஏஐ, தொப்பை என்னோடது." முதலில் சண்டை போட்டான், பிறகு வைத்தான். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் பாதிப் பேர் பேச்சையே தொடங்குகிறார்கள் என்று அப்புறம் சொன்னான்.

நேரில் பார்ப்பது என்று முடிவானதும், முந்தின நாள் ஐந்து நிமிஷம் வீடியோவில் பேசிவிடுங்கள். ஃபில்டர் இல்லாமல். எதிர்ப்பக்கமும் உண்மையான ஆள்தானா என்று உங்களுக்கும் தெரிந்துவிடும். வீடியோவுக்கு வர மறுத்துக்கொண்டே, நடுவில் ஒரு முதலீடு இருக்கிறது என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தாடியை எடுத்தாலோ, எடை ஐந்தாறு கிலோ கூடினாலோ குறைந்தாலோ படத்தையும் மாற்றுங்கள்.

சித்தி மகன் போன மாதம் இன்னொரு பெண்ணைப் பார்க்கப் போனான். "அந்த ஜன்னல் எந்த ஜிம்ல இருக்கு?" என்று அவள்தான் முதலில் கேட்டிருக்கிறாள். "ஜன்னலே கிடையாது, அங்க ஷட்டர்தான்" என்று இவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். இந்தத் தடவை அவள் கடை வாசலிலிருந்தே இவனைப் பார்த்துக் கையாட்டினாளாம். இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. அவளுக்குப் பூனை வேண்டும், இவனுக்குப் பூனை ஆகாது.